ஆடி மாதம் அணைக்காத அடுப்பு

மகளே,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, எனவே அந்தக் கேள்வியை மிச்சம் பிடிக்கிறேன். மரக் காண்ட்ராக்டரிடம் வேலைக்கென்று புனலூர் போன உன் புருஷன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான், இனி வரமாட்டான் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். நல்லது. அழுதுகொண்டு என் வாசலில் வந்து நிற்காமல், வீரகேரளம்புதூரிலேயே இருந்து, தனியாகத் தங்கியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு வீட்டில் ஆக்கி எடுப்புச் சாப்பாடு கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதுவும் நல்லது. என்னிடம் இரண்டு கேட்டிருக்கிறாய். வீட்டுச் சமையலை விற்பதற்கு என்னென்ன ஒழுங்கு என்று விவரமாக எழுத வேண்டுமாம். பதினொரு வயது முடியப்போகும் உன் மகளை இந்தக் குற்றாலம் சீசனுக்கு என்னிடம் அனுப்பட்டுமா, கூட இருந்து தொழிலைப் பழகட்டுமே என்றும் கேட்கிறாய். முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் இரண்டாவதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும். பொறுமையாகப் படி.

எளிதானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கை ருசி கிடையாது. சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஆகவே அளவை விடாமல் பிடித்துக்கொள், தப்பித்துவிடலாம். உப்பைக் கையால் அள்ளிப் போடாதே. சாரல் அடிக்கிற மாதங்களில் உப்பு ஈரம் கோத்துக் கிடக்கும், நேற்றைய கைப்பிடியும் இன்றைய கைப்பிடியும் ஒன்றாக இராது. கரைத்து வடிகட்டி ஒரு சட்டியில் வைத்துக்கொண்டு கரண்டிக் கணக்கில் ஊற்று. தயிர்ச்சோற்றைக் காலையிலேயே பிசைவதானால் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர். மத்தியானம் இலையைப் பிரிக்கிற நேரத்துக்கு அது தானாகவே சரியாகியிருக்கும். இலையை அனலில் வாட்டாமல் பொட்டலம் கட்டாதே. விறகை முந்தின நாளே அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடு, ஈர விறகின் புகை சொதியில் இறங்கிவிட்டால் அன்றைய தேங்காய்ப்பால் முழுக்க வீண். ருசி பார்க்கிறேன் என்று கரண்டியை வாயில் வைக்காதே, உள்ளங்கையில் விட்டுப் பார். வாசலில் நின்று வாத்தியார்களோடு சிரித்துப் பேசாதே. புருஷன் இல்லாத வீட்டில் அடுப்புப் புகையைக்கூட ஊர் உற்றுப் பார்க்கும். வாயால் புகழ்கிறவரை நம்பாதே, வழித்துத் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்பிய பாத்திரத்தை நம்பு. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் கேட்டால் பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள், அதில் ஒரு சிரமமும் இல்லை. கொல்லைப்புறம் வழியாக வருகிற இன்ஸ்பெக்டர்கள்தான் சிரமம், அவர்களுக்குக் காட்ட லைசென்ஸ் கிடையாது.

நான் ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்று நீ கேட்டதே இல்லை. உன் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். பெரிய சம்பளம் இல்லை, ஆனால் நாம் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். சீசனுக்கு விருதுநகர், மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குவார்கள். அருவியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் கல்லையும் தின்கிற பசி. ஆனால் கடைச் சாப்பாடு வேண்டாம், சைவமாக, ஆசாரமாக, ஒரு வீட்டில் ஆக்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவின் கணக்கப்பிள்ளை உன் அப்பாவுக்குத் தெரிந்தவர். அரிசிக் கட்டுப்பாடு நீங்கிய வருஷம் அவர் வந்து கேட்டார், பத்துப் பேருக்கு ஆக்கிக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டேன். மறு வருஷம் அது அறுபது ஆனது. அதுவரை நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்சாதி, உனக்கு அம்மை. கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, “தென்காசி ஆச்சி சாப்பாடு உண்டுன்னாத்தான் வருவோம்னு லெட்டர் போட்டிருக்காவ” என்று சொன்னார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆச்சி என்று சொன்னதற்குக் கோபம் வரவில்லை, ஊர் தாண்டி எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் காதில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னைப் பெற்ற அன்றுகூட நான் அடையவில்லை. கொடுமையான வார்த்தைதான். ஆனால் பொய் எழுதுவதற்காக இத்தனை தாள் வாங்கவில்லை.

அந்தப் பெயர் என் சொதியின்மேல் நிற்கவில்லை, வீட்டின்மேல் நின்றது. மாதத்தில் என்னுடைய மூன்று நாளும் வண்டி வர வேண்டாம் என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லிவிடுவேன். அவர் காரணம் கேட்க மாட்டார். அந்த மூன்று நாள் அடுப்பு மூட்டாததுதான் எனக்குப் பெரிய விளம்பரம். அவ்வளவு சுத்தமான வீடு என்று பங்களாப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். மூன்று நாள் சமாளித்துவிடலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ, பிள்ளை பிறந்தாலோ, ஒரு பெண் பெரியவளானாலோ, நம்மில் பதினாறு நாள் தீட்டு. பதினாறு நாள் சோறு வெளியே போகக் கூடாது. சீசனே ஏறக்குறைய இரண்டு மாதம்தான். அந்த வருஷம் ஆடி பிறந்ததும், இது எதுவும் நடந்துவிடக் கூடாது என்று நான் விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டேன். உன்னைப் பார்த்துக் கும்பிடத் தோன்றவில்லை, நீ சின்னப் பிள்ளையாகத்தான் என் கண்ணில் இருந்தாய்.

முப்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் பதினைந்து நாள் தங்க வந்திருந்தது. அவர்களுக்கு முதல் சாப்பாடு அன்று, மற்றவர்களையும் சேர்த்து அறுபது இலை. நீ அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாய். பாதியில் எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக் காதில் சொன்னாய். உனக்கு விவரம் தெரிந்திருந்தது, தெருவில் எத்தனை சடங்கு பார்த்திருப்பாய். முகத்தில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. பட்டுப்பாவாடை, மாமன் சீர், பெண்கள் கூடிப் போடும் குலவை எல்லாம் இனி உனக்கு என்று நின்றாய். நான் கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“வாயப் பொத்துட்டி. யார்ட்டயும் சொல்லப்பிடாது. அப்பாட்டயும் சொல்லப்பிடாது.”

“யம்மா, நான் ஒதுங்கி உக்காரண்டாமா?”

“நீ ஒதுங்குனா இந்த அறுவது எலைய நாய்க்கா போட? போயி குளிச்சிட்டு வந்து தேங்காய அரை.”

“அம்மியத் தொடலாமாம்மா?”

“தொடு.”

தொட்டாய். அரைத்தாய். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாய், வண்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று உன் முதுகில் ஒன்று வைத்தேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள் என்று சொல்லி, கேரியரை உன் கையிலேயே கொடுத்து, தெரு வழியாக வண்டி வரைக்கும் நடக்கவிட்டேன். பிள்ளை எப்போதும்போல நடமாடுகிறாள் என்று எல்லோரும் பார்க்க வேண்டும் இல்லையா? இன்னொன்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தச் சொதியை நான் வாயில் வைக்கவில்லை. அறுபது பேருக்கு அனுப்பிவிட்டு, நான் மோரை ஊற்றிப் பழைய சோறு தின்றேன். தீட்டு என்பது சும்மா என்று நினைத்து நான் இதைச் செய்யவில்லை. முழுக்க நம்பிக்கொண்டே செய்தேன்.

மூன்றாம் நாள் ஆடி வெள்ளி. தெருப் பெண்கள் பிள்ளைகளோடு விசுவநாதர் கோவிலுக்குப் போகிற நாள், உன் வயதுப் பிள்ளை ஒன்று வரவில்லை என்றால் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். உனக்குத் தலைசீவிப் பூ வைத்துவிட்டேன். நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. “யம்மா, சாமி கண்ணக் குத்திராதா? கண்ணு அவிஞ்சு போயிருமே” என்றாய். “அவிஞ்சா அவியட்டும். மொதல்ல சீசன் முடியட்டும்” என்றேன். நீ போனாய். சந்நிதியில் கண்ணைத் திறக்கவே இல்லையாம், இந்தப் பிள்ளைக்கு என்ன பக்தி என்று வந்து என்னிடமே மெச்சினார்கள். சாயங்காலம் உனக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் பல மாதம் நீ ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பாய், பிறகு கையை மாற்றிக்கொள்வாய். தினமும் பார்த்தாய். நானும் தினமும் உன்னைப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் பேச்சு வளரும் என்று சொல்லவில்லை.

இதுவரை எழுதியதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். கல்யாணமாகிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ என்னம்மா செய்வ, வயித்துப்பாடு” என்றாய். பதினாறு வயதில் பெரிய மனது பண்ணி என்னை மன்னித்தாய். நானும் தலையை ஆட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளை உனக்கு நினைவிருக்கும். புருஷனை இழந்தவள், கல்யாண வீடுகளுக்கு ஆக்கப் போவாள். உனக்குக் காய்ச்சல் என்று கேட்டுக் கஷாயம் கொண்டுவந்தவள், உன்னை ஒரு தடவைதான் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் கொல்லைப்புறமாக வந்து நின்றாள். “மதினி, பிள்ள பெரியவளாயிருக்கா, மறைக்காதிய. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பதினாறு நாளும் என் வீட்டு அடுப்புல நான் ஆக்கித் தாரேன். ஒங்க பேரச் சொல்லியே வண்டில ஏத்துங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளைய உக்கார வச்சு நாலு பேரக் கூப்புட்டு நல்லபடியாச் செய்யுங்க” என்றாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்திருக்கும். அவள் வீட்டில் தீட்டு இல்லை. சாப்பாடும் போயிருக்கும், உனக்குச் சடங்கும் நடந்திருக்கும், கண்ணைப் பற்றிய பயமும் உன்னை விட்டிருக்கும்.

நான் மாட்டேன் என்றேன். ஏன் தெரியுமா? அவள் சொதியை நான் ஒரு கல்யாணத்தில் தின்றிருக்கிறேன். என் சொதியைவிட நன்றாக இருக்கும். பதினாறு நாள் அவள் கைச் சாப்பாட்டைத் தின்றுவிட்டால் பங்களாக்காரர்களுக்கு வித்தியாசம் தெரிந்துபோகும். அதுதான் காரணம். வயிற்றுப்பாடு இல்லை, வறுமை இல்லை, உன் அப்பாவிடம் பயம் இல்லை. இன்னொருத்திக்கு என்னைவிடக் கை ருசி அதிகம் என்பதற்காக, அதற்குப் பிறகும் உன்னை அம்மி முன்னாலேயே உட்கார வைத்தேன். “என் வீட்டுல ஒண்ணும் நடக்கல. நீங்க ஒங்க அடுப்பப் பாருங்க” என்று அவளிடம் சொன்னேன். அவள் வந்த வழியே கொல்லைப்புறமாகப் போய்விட்டாள்.

அவள் வாயைத் திறந்தால் என் தொழில் முடிந்தது. திறப்பதற்குள் அவள் பேச்சு எடுபடாமல் செய்துவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கே கிணற்றடியில் நின்று, “பிச்சம்மா வீட்டுக் கொல்லையில கருவாட்டு வாட வருதே, எனக்கு மட்டுந்தான் வருதா?” என்று கேட்டேன். சைவத் தெருவில் அந்த ஒரு கேள்வி போதும். மறுநாள் நான்கு பேருக்கு வாடை வந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு அவளை ஆக்குவதற்கு ஒருவரும் கூப்பிடவில்லை, ஐப்பசிக்கும் கூப்பிடவில்லை. தை வருவதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தம்பி பெண்டாட்டியின் கீழே மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன். கடைசிவரை உன்னைப் பற்றி யாரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளைத் துரத்தியது சரிதான் என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சீசன் முடிந்து பங்களாக்களைப் பூட்டிய பிறகு, பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நட்சத்திரமும் நல்ல கிழமையும் கூடிவருகிற ஒரு காலையை நானே தேர்ந்தெடுத்து, அன்றைக்கு நீ பெரியவளானதாகத் தெருவுக்குச் சொன்னேன். உன் மாமா பச்சை ஓலையும் பட்டும் கொண்டுவந்தான். ஓலைக் குடிசைக்குள் நீ குனிந்த தலை நிமிராமல் இருந்தாய், பிள்ளைக்கு என்ன வெட்கம் என்று பெண்கள் சிரித்தார்கள். உன் மாமா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பிள்ள ஏன்க்கா அழுதுக்கிட்டே இருக்கா?” என்று கேட்டான். “ஒனக்கென்ன தெரியும், பொம்பளப் பிள்ளைக அப்படித்தான்” என்று வாயை அடைத்தேன். நான் சொன்ன நேரத்தை வைத்து ஜோசியர் உனக்கு ருது ஜாதகம் எழுதினார். ராஜயோகம் என்றார். நான் பொறுக்கி எடுத்த நேரம், யோகம் இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த ஜாதகத்தைப் பார்த்து மயங்கித்தான் வீரகேரளம்புதூர்க்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். ஜாதகம் மெய்யா பொய்யா என்பது எனக்குத் தெரியாது. நான் கொடுத்த நேரம் பொய் என்பது தெரியும். புனலூர்ச் சேதி வந்த அன்று உன் அப்பா, “பத்துப் பொருத்தமும் இருந்துதே” என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்படியிலிருந்து, “அவ தலையெழுத்து” என்று குரல் கொடுத்துவிட்டுப் பருப்பைக் கடைந்தேன்.

எனவே உனக்கு நான் எழுத வேண்டிய ஒழுங்கு உப்பும் இலையும் இல்லை, இதுதான். தீட்டு உண்டு என்று நீ நம்பினால், அந்த நாள் வரும்போது அடுப்பை அணை. இல்லை என்று நம்பினால், எங்கள் வீட்டில் அது பார்ப்பதில்லை என்று வாத்தியார்களிடம் முதல் நாளே சொல்லிவிடு, தின்கிறவர் தின்னட்டும். நம்பிக்கொண்டும் ஏமாற்றாதே, அது இரண்டு பக்கமும் அறுக்கும். உன்னைவிட நன்றாக ஆக்குகிறவள் பக்கத்தில் இருந்தால் கூட்டுச் சேர்த்துக்கொள். அதற்கு மனது வராவிட்டால் நீ வேறு தெருவுக்குப் போ, அவளைப் போகும்படி செய்யாதே. இந்த ஒழுங்குகளில் ஒன்றைக்கூட நான் கடைப்பிடித்ததில்லை, ஆகவே நன்றாகத் தெரிந்து சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மாறியிருப்பாள் என்று நினைத்துத்தான் பிள்ளையை அனுப்பட்டுமா என்று கேட்கிறாய். போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். எனக்கு முழங்கால் போய்விட்டது, செல்லம்மா என்று ஒருத்தி வந்து அரைத்துக் கொடுக்கிறாள். காலை பத்து மணிக்கு இலஞ்சியிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். அவள் அண்ணன் முந்தின ராத்திரி இறந்துபோனானாம், உடனே வரச் சொன்னார்களாம். உள்ளே அவள் அவியலுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். என் மனதில் முதலில் வந்தது அந்த அண்ணன் இல்லை, மிச்சத்தை யார் அரைப்பது என்பதுதான். அடுத்தபடியாக நீ வந்தாய். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றது அப்படியே கண்ணில் வந்தது. நீ வந்த பிறகும், அந்த ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு போனது. அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டு, “ஒங்க அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லயாம், ஒரு எட்டுப் போயிட்டு வா” என்றேன். அவள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது, சேதி அப்போதுதான் வந்தது என்று நினைத்து, உடனே அனுப்புவதற்கு எனக்கு நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

ஆகவே உன் மகளை அனுப்பாதே. அவள் இங்கே இருக்கும்போது அந்த நாள் வந்து, வாசலில் வண்டியும் நின்றால், நான் அவளிடம் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். வேறு வழியில்லை என்ற நினைப்பில் கேட்டிருக்கிறாய். வழி இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டதும் அவளை உன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள். அவள் வந்து உன் காதில் சொல்கிற அன்று கையில் இருப்பதைக் கீழே போடு, வாத்தியார்கள் பட்டினி கிடக்கட்டும். தெருவில் நாலு பேரைக் கூப்பிடு. யாரும் வராவிட்டால் நீ ஒருத்தியே குலவை போடு. என்னைக் கூப்பிட வேண்டாம். சீசன் நாளாக இருந்தால் நான் வரமாட்டேன்.

உன் அம்மை